அசையாத விலையும் மறந்துபோன குடையும்

போர்ட் பிளேரில் பழைய பொருள் வாங்கத் தெரிந்தவன் முதலில் விலையைக் கேட்க மாட்டான். "எப்போ கப்பல்?" என்று கேட்பான்.

மெயின்லேண்டிலிருந்து மாற்றலில் வருகிற அதிகாரிகள் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். வந்த புதிதில் ஆசை ஆசையாக வாங்கிய கட்டில், ஃபிரிட்ஜ், சைக்கிள் எதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனால் கட்டுப்படியாகாது. ஆகவே விற்றுவிட்டுப் போவார்கள். கப்பலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்த ஃபிரிட்ஜுக்கு ஒரு விலை. ஒரு வாரம் இருக்கும்போது இன்னொரு விலை. சாமான்கள் துறைமுகத்துக்குப் போகிற அன்று காலையில் போய் நின்றால், "எடுத்துட்டுப் போங்க சார், தொலையட்டும்" என்பார்கள். (அந்தத் "தொலையட்டும்" என்ற சொல்லைக் கேட்கும்போது என் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடும்.)

இந்த வியாபாரத்துக்கென்றே பிறந்தவன் நான். எனக்குத் தேதிகள் மறக்காது. மனிதர்களின் முகம் மறந்துபோகும், அவர்கள் பெயர் மறந்துபோகும். ஆனால் யாருக்கு எப்போது மாற்றல் உத்தரவு வந்தது, அவர் பிள்ளைக்கு எப்போது பரீட்சை முடிகிறது, எந்த வாரம் எந்தக் கப்பல் சென்னைக்குப் போகிறது என்பதெல்லாம் தலைக்குள் அச்சடித்ததுபோல நிற்கும். ஆபீசில் என்னைப் பஞ்சாங்கம் என்பார்கள். டெலானிபூர் மேட்டில் எங்கள் குவார்ட்டர்ஸில் உள்ள சாமான்களில் கல்யாண ஃபோட்டோவைத் தவிர மற்ற எல்லாமே யாரோ ஒருவர் இந்தத் தீவைவிட்டுப் போனதன் நினைவுச் சின்னங்கள்.

அப்படிப்பட்ட நான் ஒரு கார் வாங்கப் போய் என்ன ஆனேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கார் வேண்டும் என்றது என் மனைவி செல்வி. அவள் ஊர் ரங்கத், வடக்கே இன்னொரு தீவில். அவள் பெற்றோர் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேற்றப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ரங்கத்துக்குப் போக வேண்டுமானால் டிரங்க் ரோட்டில் பஸ். பழங்குடியினருக்கென ஒதுக்கிய காட்டுக்குள் நுழைந்துவிட்டால் வண்டிகள் எல்லாம் போலீஸ் காவலோடு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். வழியில் நிறுத்தவே கூடாது. செல்விக்கோ பஸ் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் தாய்வீட்டுக்குப் போனதெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் முகத்தை வைத்தபடிதான். ரங்கத் பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். மகள் இறங்கியதும் வா என்றுகூடச் சொல்ல மாட்டார், பழத்தை மூக்கருகே நீட்டுவார்.

அந்த வருடம் தை மாதத்தில் அவள் தம்பி குமரனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. செல்வி தையல்காரி. ஸ்கூல் யூனிஃபார்மும் பிளவுஸும் தைத்துச் சேர்த்த பணம் அவளிடம் இருந்தது. எனக்குத் தெரியாமல் லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தாள்.

"என்னாங்க, தம்பி கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு அக்காவா நான்தான் முன்னால நிக்கணும். இந்தத் தடவையும் வாயத் தொடச்சிக்கிட்டுப் போயி எறங்க மாட்டேன். நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்."

"வண்டி?"

"பாத்து வச்சிருக்கேன்."

அவள் பார்த்து வைத்திருந்தது, ஊருக்குத் தெற்கே புதிதாகத் திறந்திருந்த ஒரு பழைய கார் ஷோரூமில் நின்ற சின்ன நீலக் கார். ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் விலை எழுதி ஒட்டியிருந்தார்கள். சுவரில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே வாசகம்: ஒரே விலை, பேரம் இல்லை. நீலக் காரில் நாலு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் என்று இருந்தது.

நான் அந்தப் போர்டைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். (இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது. கேட்கச் சகிக்கவில்லை.)

மேஜையில் இருந்த பெண்ணின் பெயர் மௌசுமி. பெங்காலிப் பெண், ரங்கத் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளோடு படித்ததால் நம்முடைய தமிழும் தீவின் இந்தியும் கலந்து பேசுவாள்.

"பைட்டோ அங்கிள், உக்காருங்க. சாய் சாப்பிடறீங்களா?"

"சாய் இருக்கட்டும்மா. இந்த நீல வண்டி கடைசியா என்ன விலை?"

"கண்ணாடியில இருக்கே அங்கிள்."

"அது முதல் விலை. நான் கேக்கறது கடைசி விலை."

"முதலும் அதான், கடைசியும் அதான். ரேட் ஏக் ஹி ஹை."

அடித்தட்டைத் துரு தின்னவில்லை என்று வண்டியைத் தூக்கியே காட்டுவார்கள், பெயர் மாற்றும் வேலை அவர்களுடையது, ஆறு மாதத்துக்குப் பழுதானால் அவர்களே பார்ப்பார்கள் என்றெல்லாம் சொன்னாள். உப்புக்காற்று ஊரில் அடித்தட்டு முக்கியம்தான். ஆனால் எனக்கு அதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவுவதுபோலத் தோன்றியது. வெளியே வந்ததும் செல்வியிடம் சொன்னேன்: "அவசரப்படாதே. நம்ம மேட்டுலயே ஒருத்தர்கிட்ட இதே வண்டி இருக்கு."

மேட்டு குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் இன்ஜினியர். அவரிடமும் அதே மாதிரிக் கார், வெள்ளை நிறம். நாலு லட்சம் கேட்டார். மாற்றல் உத்தரவு ஐப்பசியிலேயே வந்துவிட்டது; மார்கழிக் கடைசியில் கப்பல். என் கணக்குப்படி சாமான் ஏற்றுகிற அன்று வெள்ளைக் கார் மூன்றேகாலுக்கு வந்து என் காலில் விழும். ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். அந்தத் தேதியைக் காட்டியே நீலக் காரின் விலையையும் இறக்கிவிடலாம் என்று இன்னொரு யோசனை.

ஆகவே கார்த்திகை மாதம் முழுக்க நான் ஷோரூமுக்குப் போய் வந்தேன். ஒரு நாள் டயரைத் தட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினேன். ஒரு நாள் கதவைத் திறந்து மூடி, அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, துக்க வீட்டில் தலையாட்டுவதுபோலத் தலையாட்டினேன். மாதக் கடைசியில் இவர்களுக்கும் ஏதாவது டார்கெட் இருக்கும், அதுதான் இவர்களுடைய கப்பல் தேதி என்று கணக்குப்போட்டு, சரியாக நவம்பர் முப்பதாம் தேதி போய் நின்றேன்.

"அங்கிள், இன்னிக்கு மாசக் கடைசின்னு வந்தீங்களா?" என்றாள் மௌசுமி.

"சே சே. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

"சாய்?"

அவளுடைய டீ நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய கான்ட்ராக்டர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, விரலுக்கொரு மோதிரம். அவர் ஒரு ஆபீசுக்குள் நுழைந்தால் அந்த ஆபீசே எழுந்து நிற்கும். நானே எழுந்து நின்று பழகியவன்தான். ஒரு பெரிய காரைக் காட்டி, "பேட்டா, ஐம்பதாயிரம் கம் கர்" என்று குறைக்கச் சொன்னார். மௌசுமி, "சார், ரேட் ஏக் ஹி ஹை" என்றாள். அவர் சிரித்தார். பிறகு முகத்தைச் சுளித்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

"யாருக்குப் பேசணும்னு தெரியும் எனக்கு" என்று இந்தியில் சொன்னார்.

"பேசுங்க சார். ஓனரோட அண்ணன் வந்தப்பவும் இதே ரேட்தான். வெயில்ல வந்திருக்கீங்க, சாய் குடிச்சிட்டுப் பேசுங்க."

குரலில் மிரட்டல் இல்லை, பயம் இல்லை, கிண்டல்கூட இல்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டவருக்குக் கிழமையைச் சொல்வதுபோலச் சொன்னாள். கான்ட்ராக்டர் உட்கார்ந்தார். டீ குடித்தார். ஃபோனைப் பையில் போட்டார். எழுதியிருந்த விலைக்கே வாங்கினார்.

என் கையில் இருந்த டீ ஆறிப்போயிற்று. நிலமே ஆடிப் பார்த்த ஊர் இது. சுனாமிக்குப் பிறகு இங்கே எதையும் அசையாதது என்று நான் நம்பியதில்லை. அந்த விலை அசையவில்லை. பெரிய மலையின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவனைப்போல நான் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையைப் பார்த்தால் புத்தியுள்ளவன் கும்பிட்டுவிட்டுப் போவான். நான் தோளால் முட்டிப் பார்க்க முடிவுசெய்தேன்.

பேரத்தில் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. எழுந்து போவது. பார்த்தால் சுலபம், உண்மையில் நுட்பமான கலை. வேகமாக நடக்கக் கூடாது, நிஜமாகவே வேண்டாம் என்று நினைத்துவிடுவார்கள். முதல் அழைப்புக்குத் திரும்பவே கூடாது. இரண்டாவது அழைப்புக்கு நடையைக் கொஞ்சம் தளர்த்தலாம். மூன்றாவதற்குத்தான் திரும்ப வேண்டும். அதுவும் சலிப்போடு, அவர்கள் நம் நேரத்தை வீணாக்கிவிட்டதைப்போல. இதையெல்லாம் வீட்டில் செல்விக்கு நடந்தே காட்டினேன்.

"நான் எந்திரிச்சதும் நீயும் எந்திரிச்சு பின்னாலயே வந்துடணும். திரும்பிப் பாக்கக் கூடாது."

"கூப்பிடலைன்னா?"

"கூப்பிடுவாங்க."

"கூப்பிடலைன்னா என்னாங்க?"

"செல்வி, இத்தனை வருஷத்துல என்னை யாராவது கூப்பிடாம விட்டிருக்காங்களா?"

அவள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை. மழை வரும்போல இருந்ததால் குடையோடு போனோம். மௌசுமியின் எதிரில் உட்கார்ந்து, நாலு லட்சம் என்று என் விலையைச் சொன்னேன். ஏக் ஹி ஹை என்றாள். பெருமூச்சு விட்டேன். நாற்காலியைச் சத்தம் வரும்படி பின்னால் தள்ளினேன். "சரிம்மா. உங்க வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மெதுவாகத்தான் நடந்தேன். கண்ணாடிக் கதவைத் தாண்டினேன். கேட்டைத் தாண்டினேன். சரிவில் இறங்கத் தொடங்கினேன். அழைப்பு வரவில்லை. இன்னும் மெதுவாக நடந்தேன். இதற்குமேல் மெதுவாக நடந்தால் நிற்பதாகிவிடும் என்கிற அளவுக்கு. ஒரு கோழி என்னைத் தாண்டிப் போயிற்று.

அப்போது கேட்டது. "அங்கிள்!"

திரும்பவில்லை.

"அங்கிள்! ருக்கோ!"

இரண்டாவது. நடையைத் தளர்த்தினேன். செருப்பு தட்டத்தட்ட யாரோ ஓடி வரும் சத்தம். பாவம், அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடி வருகிறாள். மலையே இறங்கி வருகிறது. எனக்கு அவள்மேல் இரக்கம்கூட வந்தது.

"அங்கிள், ஸுனோ நா!"

மூன்றாவது. நின்றேன். திரும்பினேன். முகத்தில் சலிப்பை வரவழைத்துக்கொண்டு, ஒரு பெரிய மனிதனின் தோரணையோடு, "சொல்லும்மா. எவ்வளவு?" என்றேன்.

மௌசுமி கையை நீட்டினாள்.

"சாத்தா பூல் கயே, அங்கிள். மழை வரப்போகுது."

என் குடை.

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது? அவள் சரிவில் ஏறிப் போய்விட்டாள். அந்தக் கணமே மழையும் பிடித்தது. குடையை விரித்தேன். அப்போதுதான் பின்னால் யாரோ குறைகிறார்கள் என்று உறைத்தது. செல்வி வரவில்லை.

திரும்பிப் போகலாமா? விட்டெறிந்து எழுந்து வந்தவன் எந்த முகத்தோடு போவது? இறங்க மனம் வரவில்லை, ஏற மானம் விடவில்லை. சரிவின் கீழே முக்கில் இருந்த டீக்கடையின் கூரைக்கடியில் போய் ஒதுங்கினேன். கடைக்காரர் மலையாளி. "எந்தா சாரே, ஆரையோ காத்திருக்கறீங்களா?" என்றார். ஆமாம், கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? டீ சொன்னேன். மௌசுமியின் டீக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

ரொம்ப நேரம் கழித்து மழைக்குள் ஒரு நீலக் கார் சரிவில் இறங்கி வந்து டீக்கடை முன் நின்றது. ஓட்டி வந்தது செல்வி. பக்கத்து சீட்டில் மௌசுமி. கண்ணாடி இறங்கியது.

"ஏறுங்க" என்றாள் செல்வி.

முன்சீட்டில் இடமில்லை. குடையை மடக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினேன்.

"அங்கிள், சீட் பெல்ட்" என்றாள் மௌசுமி.

டெஸ்ட் டிரைவ் என்றார்கள். கையெழுத்து ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தது. எழுதியிருந்த விலை, ஒரு ரூபாய் குறையவில்லை. அன்று மாலை வீட்டில் நான் பொங்கினேன். ஒரு லட்சம், ஒரு லட்சம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். செல்வி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"என்னாங்க, நான் எந்தக் கடைக்குப் போனாலும் மொதல்ல என் செருப்பப் பாப்பாங்க. அப்பறம் பேச்சக் கேப்பாங்க. தோட்டத்து ஆளான்னு முடிவு பண்ணிக்கிட்டு அப்பறந்தான் வெலை சொல்லுவாங்க. அந்தப் போர்டு என் செருப்பப் பாக்கலை. நீங்க சொன்ன மோதிரக்காரருக்கும் எனக்கும் ஒரே வெலை. அதுக்குத்தான் குடுத்தேன்னு வச்சிக்கிங்க."

"அதுக்காக..."

"நான் பிளவுஸுக்கு ஆளுக்கொரு கூலியா வாங்கறேன்? உங்க இன்ஜினியர் பொஞ்சாதி தச்சு முடிச்ச பிளவுஸக் கையில வச்சிக்கிட்டு, அம்பது ரூபா கொறைங்கன்னு வாசல் வரைக்கும் போயிப் போயித் திரும்புவாங்க. நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. இத்தனை வருஷமா இந்த வீட்டுல ஒரே வெலைக் கடை நடக்குது. நீங்கதான் பாக்கலை."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் மலை என்று அண்ணாந்து பார்த்த பொருள் என் வீட்டுக் கூடத்திலேயே இருந்திருக்கிறது. பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் நான்.

தை மாதம் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் புறப்பட்டோம். விடியும்போது காட்டின் வாசலில் செக்போஸ்ட் வரிசையில் நின்றோம். (நான் பின்சீட்டில்தான். முன்சீட்டில் வரிசைச் சாமான் தட்டுகள். அப்படித்தான் சொன்னாள்.) கேட் திறந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் நுழைந்தன. இரண்டு பக்கமும் வானத்தைத் தொடுகிற மரங்கள், அவற்றின் மேல் சுற்றிய கொடிகள், இலைகளுக்கு நடுவே ஊசி ஊசியாய் இறங்கும் வெளிச்சம். செல்வி கண்ணாடியை இறக்கினாள். மயக்கம் வருகிறதோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு மரமா இருக்குங்க இங்க? இத்தனை வருஷமா நான் பையைத்தான பாத்துக்கிட்டுப் போனேன்."

நடுவில் கடல் குறுக்கிடும் இடத்தில் பாராடாங் தீவுக்குப் போக வண்டியோடு ஃபெரியில் ஏற வேண்டும். கடல்நீர் ஏறியிருந்ததால் ஏறுபலகை செங்குத்தாக நின்றது. ஃபெரிக்காரர் எங்கள் காரைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் செல்வியைப் பார்த்தார், பிறகு குனிந்து பின்சீட்டில் என்னைப் பார்த்தார்.

"சாப், நீங்க ஏத்தறீங்களா?" என்று இந்தியில் கேட்டார்.

"அவருக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்று செல்வி தமிழிலேயே சொல்லிவிட்டு கியரைப் போட்டாள். நான் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் ஒருமுறை அழைத்தேன். கார் மூக்கை வானத்துக்குத் தூக்கியது. ஒரு நொடி எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. பிறகு மெல்லத் தாழ்ந்து, இரண்டு பஸ்களுக்கு நடுவே அலுங்காமல் போய் நின்றது. ஃபெரிக்காரர் பானட்டைத் தட்டி "ஷாபாஷ்" என்றார். பஸ்ஸின் ஜன்னலில் ஒரு பெண் பிளாஸ்டிக் பையிலிருந்து முகத்தை எடுத்து, செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரங்கத்தில் வீட்டு வாசலில் என் மாமியார் நின்றிருந்தார். பழக்க தோஷம், கையில் எலுமிச்சம்பழம். செல்வி கதவைத் திறந்து, பூ வாடாமல், புடவை கசங்காமல் இறங்கினாள். மாமியார் பழத்தை நீட்டப் போனார். கை பாதியில் நின்றது. மகள் முகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, அதை முன்சக்கரத்தின் அடியில் வைத்தார்.

"ஏத்துடி" என்றார்.

செல்வி மறுபடி ஏறி உட்கார்ந்து ஒரு சாண் நகர்த்தினாள். பழம் நசுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

இனி இன்ஜினியரின் வெள்ளைக் காருக்கு வருகிறேன். மார்கழிக் கப்பல் புயல் சின்னத்தால் ரத்தானது. தை மாதம் அவருக்குப் பதிலாக வர வேண்டியவர் வந்துசேரவில்லை. அவர் சாமான் கட்டியது மாசியில். கடைசி நாளில் என் ஆபீஸ் நண்பர் ஒருவர் போய் நின்று மூன்றேகாலுக்கு வாங்கினார். என் கணக்கு விலையில் ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. அந்தக் கார் இன்றைக்கும் குறையில்லாமல் ஓடுகிறது. நண்பர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஹாரன் அடிப்பார்.

அப்படியானால் ஒரே விலைக் கடையில் கூடக் கொடுத்தது தகுமா? பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வண்டியை மட்டும் பார்த்தால் தகாது. காத்திருக்க முடிந்தவனுக்குத் தகவே தகாது. விலை குறையத்தான் செய்யும். ஆனால் தேதியைத் தின்றுவிட்டுத்தான் குறையும். வெள்ளைக் கார் வந்த மாசியில் குமரனின் கல்யாண ஃபோட்டோக்களே ஆல்பமாகிவிட்டிருந்தன. ஊரார் தேதிகளையெல்லாம் தலையில் வைத்திருந்த எனக்கு என் மனைவிக்கு வேண்டிய ஒரு தேதி மட்டும் கணக்கில் வரவில்லை.

இந்தக் கதையை மாமியார் வீட்டில் முதலில் சொன்னவள் செல்வி; மெருகேற்றியவன் குமரன். இப்போது நான் பந்தியில் கை கழுவ எழுந்தாலே, "மச்சான் எந்திரிச்சிட்டாரு, யாராவது மூணு தடவ கூப்பிடுங்கப்பா!" என்று கத்துகிறான். குழந்தைகள்கூடக் கோரஸாக "அங்கிள், அங்கிள், அங்கிள்" என்கின்றன.

செல்வி அப்படியெல்லாம் கேலி செய்ய மாட்டாள். போன வாரம் ஏதோ வாக்குவாதத்தில் நான் கோபத்தோடு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன். கூப்பிடவில்லை. மிஷின் நின்ற சத்தம் கேட்டது. அவள் எழுந்து வரும் சத்தமும் கேட்டது. என்னையறியாமல் நடை தளர்ந்தது. திரும்பினேன்.

குடையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

வெளியே சுள்ளென்ற வெயில். வாங்கிக்கொண்டேன்.